மாவு மில்லுக்கு எழுத்து வார்த்த கதை

கார்த்திகை 4

இதைப் பின்னாளில் புரட்டப் போகும் மருமகன்மாரே, மருமகள்மாரே! நெஞ்சில் கைவைத்து முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் ஒரு வரியைக்கூட நீங்கள் நம்பப் போவதில்லை. நம்பினால் உங்கள் புத்தியைப் பற்றி எனக்குச் சந்தேகம் வரும்.

தாராபுரத்தில் ரேடியோ மாமா என்றால் தெரியாதவர் கிடையாது. அந்தச் சென்னியப்பன் நான்தான். ஒரு காலத்தில் ஆறு ஜில்லா ரேடியோக்களுக்கு உயிர் கொடுத்தவன். நான் கைவைத்தால் செத்த ரேடியோ எழுந்து உட்கார்ந்து, வானிலை அறிக்கை வாசித்துவிட்டுத்தான் மறுபடி சாகும். இப்போது ரேடியோவும் இல்லை, ரிப்பேரும் இல்லை. மனைவி மயிலாத்தாள் நடத்தும் மாவு மில்லின் பின்னறையில் ஒரு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன், ஒரு கிழட்டு லேப்டாப். என் சாம்ராஜ்யத்தின் எல்லை அவ்வளவுதான்.

இன்று கோயமுத்தூர் போய் இரண்டு எல்.இ.டி. பலகை வாங்கிவந்தேன். ஒவ்வொன்றிலும் குறுக்கே முப்பத்திரண்டு, மேலிருந்து கீழே பதினாறு சிவப்புப் பொட்டு விளக்குகள்.

"இது என்னத்துக்குங்க?" என்றாள் மயிலா.

"வெளிநாட்டு விமான நிலையம் ஒன்று தமிழில் அறிவிப்பு வைக்கப் போகிறது. பெயரைச் சொன்னால் மற்ற நாடுகள் வருத்தப்படும். என்னைத்தான் நம்பியிருக்கிறார்கள்" என்றேன். பதில் இல்லை. மறுபடி சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது எதிர்ச்சாரியில் படுத்திருந்த நாய் எழுந்து வேறு தெருவுக்குப் போய்விட்டது.

"ஆமாங்க, இப்படியே போட்டு வெச்சா தூசிதான் படியும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

ராணிகள் முதல் தடவை கூப்பிட்டதும் திரும்புவதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

கார்த்திகை 5

மச்சினன் ஈஸ்வரமூர்த்தி வந்திருந்தான். மில் இருக்கும் கட்டடத்தில் பாதி அவன் பேரில், பாதி அக்கா பேரில். அவள் உள்ளே சல்லடையோடு இருந்த நேரம் பார்த்து என்னைப் பின்னறைக்குத் தள்ளிக்கொண்டு போனான்.

"மாமா, அக்காவுக்குக் காது மந்தமாயிட்டே வருது. உங்களுக்குத் தெரியலீங்களா?"

"அப்படியா? எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லு மாப்ளே" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "விளையாடாதீங்க. போன வாரம் மோட்டார் பெல்ட் கிழிஞ்சு படபடன்னு அடிச்சுட்டுக் கெடக்குது. அக்கா அதுக்கு முதுகைக் காட்டிட்டு மாவு சலிச்சுட்டு நிக்குது. முறுக்குக்கடை பூங்கொடி ஓடிப்போய் மெயினை அமத்துனா. அக்கா முந்தானை கிழிஞ்சதோட போச்சு. கை போயிருந்தா?"

"டாக்டரிடம் போகலாம் என்று நீயே சொல்லிப் பாரேன்."

"சொன்னேனே! காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் ஆளாளுக்கு வாய்க்குள்ளயே பேசறீங்கன்னு வெரட்டிப்போட்டுது. ஒரு வாரம் பேசலை. தை பொறந்தா மில்லை மூடிரலாம் மாமா. எடத்தை ஒரு பேக்கரிக்காரர் கேக்கறாரு. அக்கா உயிரோட ஊட்ல உக்காந்திருக்கட்டும்."

அவன் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் மயிலாவை வீட்டில் உட்காரவைப்பது என்றால், ஓடும் ரயிலை வீட்டில் உட்காரவைப்பது மாதிரி. இரண்டு விரலுக்கு நடுவில் மாவைத் தேய்த்தே கோதுமை எந்தக் கடையில் வாங்கியது என்று சொல்லுகிறவள். மில் இல்லாத மயிலா எப்படி இருப்பாள் என்று யோசித்துப் பார்த்தேன். பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டேன்.

இந்தப் பேச்சுக்கும் நேற்று வாங்கிய பலகைக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்று இங்கே பதிவு செய்கிறேன்.

கார்த்திகை 9

சரித்திரத்துக்காக முறையை எழுதிவைக்கிறேன்.

கட்டம் போட்ட தாளை எடுத்துக்கொள்ள வேண்டும். எழுத்தைக் கட்டம் கட்டமாகக் கறுப்பாக்க வேண்டும். கறுத்த கட்டம் எரியும் விளக்கு. வெள்ளைக் கட்டம் அணைந்த விளக்கு. வரிக்கு எட்டுக் கட்டம். இடப்பக்கத்திலிருந்து அவற்றின் மதிப்பு 128, 64, 32, 16, 8, 4, 2, 1. கறுத்தவற்றின் மதிப்பை மட்டும் கூட்டினால் அந்த வரிக்கு ஓர் எண். வரிக்கு ஓர் எண்ணாக அடுக்கிக்கொண்டே போனால் எழுத்து முழுக்க எண்ணாகிவிடும். பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் கணினிச் சில்லுக்குத் தமிழ் தெரியாது. எண் மட்டும்தான் தெரியும்.

'ட' இருக்கிறதே, தங்கமான எழுத்து. 128, 128, 128, 128, 128, 128, 128, 255. இடப்பக்கம் ஒரு கோடு, அடியில் ஒரு கோடு, முடிந்தது. 'ப' அதற்குத் தங்கச்சி: ஏழு 129, ஒரு 255. இந்த இரண்டையும் முடித்த கையோடு தமிழையே முடித்துவிட்டதாக நினைத்து ஒரு டீ குடித்தேன். அதற்கப்புறம் 'ஞ' வந்தது.

எழுத்துருவைக் கொடுத்தால் தானே எண்ணாக மாற்றித் தரும் மென்பொருளும் உண்டு. போட்டுப் பார்த்தேன். 'ண'வின் சுழிகளையெல்லாம் ஒன்றாக நசுக்கிக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்தது. எனவே கையாலேயே செய்கிறேன்.

மயிலா சாப்பாட்டுப் போசியோடு வந்து தாளை எட்டிப் பார்த்தாள். "குறுக்கெழுத்துப் போட்டிங்களா? பரிசு என்னுங்க?"

முழு முறையையும் விளக்கினேன். கண்ணை எடுக்காமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஒன்றிரண்டு வருடமாக என் முகத்தின்மேல் அவளுக்கு இப்படி ஓர் ஈடுபாடு. கல்யாணமான புதிதில்கூட இப்படிப் பார்த்தவள் இல்லை. என் அழகு வயதாக வயதாக முற்றுகிறது போலும்.

கார்த்திகை 12

'ழ'. எதிரி பலசாலி.

கார்த்திகை 15

முதல் வெளிச்சம். இரண்டு பலகையையும் ஒன்றாகச் சேர்த்து ஸ்விட்சைப் போட்டேன். பலகை மொத்தமும் கோயில் தீமிதிக்குழி மாதிரி ஜொலித்தது. நடுவில் எழுத்து மட்டும் இருட்டாக நின்றது. இந்தப் பலகைக்கு 1 என்றால் அணை, 0 என்றால் எரி என்று அர்த்தமாம். வாங்கும்போது ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நான்தான் பேசிக்கொண்டிருந்திருப்பேன்.

அதைச் சரிசெய்தேன். இப்போது எழுத்துகள் எல்லாம் இடம் வலமாகப் புரண்டு நின்றன. பூங்கொடி முறுக்கு மாவுக்கு அரிசி கொண்டுவந்தவள், தலையை அப்படியும் இப்படியும் சாய்த்துப் பார்த்தாள்.

"மாமா, இது தமிழுங்களா?"

"பழைய தமிழ். கல்வெட்டில் இப்படித்தான் இருக்கும்."

"கல்லைத் திருப்பி நட்டிருப்பாங்க" என்றாள்.

இந்தப் பலகை எண்ணைப் பின்பக்கமிருந்து படிக்கிறதாம். 128 வரவேண்டிய இடத்தில் 1. ஒரு வார உழைப்பு வீண்.

கார்த்திகை 20

பலகையிடம் 'கோதுமை' கேட்டேன். கொம்பு தனியாக, கால் தனியாக, நடுவில் சம்பந்தமில்லாமல் ஒரு 'க' வந்து நின்றது. பஸ் விபத்து மாதிரி இருந்தது.

சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்ததில் ஞானம் பிறந்தது. எனக்கு எதற்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்தும்? எழுத்தை வார்க்காமல் சொல்லையே ஒரே படமாக வார்த்துவிட்டால் கொம்பும் காலும் என்னை என்ன செய்யும்? மில்லில் பேசப்படும் சொற்கள் எத்தனை இருக்கப் போகின்றன? (வெளிநாட்டு விமான நிலையத்தில் மில் இருக்கிறதா என்று யாரும் கேட்க வேண்டாம். பெரிய விமான நிலையம்.)

வாசலில் நின்று காது கொடுத்தேன். வருகிறவர்கள் என்னிடம் சொல்வார்கள். நான் அதை மோட்டார் சத்தத்துக்கு மேலே உள்ளே கத்துவேன். இதுதான் இத்தனை நாள் ஏற்பாடு. கேட்டதை எண்ணிப் பார்த்தால் ஒரு கைப்பிடிதான்: அரிசி, கோதுமை, ராகி, மிளகாய், நைஸ், கொரகொரப்பு. வீட்டுக்காரன் என்ற முறையில் நான் அவளிடம் சொல்பவற்றையும் சேர்க்கலாம் என்று பட்டியல் போட்டேன். 'என் கண்ணாடி எங்கே', 'காபி', 'எப்போது சாப்பாடு'. இத்தனை வருட இல்லறப் பேச்சு அரைப் பலகையில் அடங்கிவிட்டது. பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

கடைசியில் 'போன்' ஒன்று, 'நிறுத்து' ஒன்று சேர்த்து எட்டுச் சொல். 'கொரகொரப்பு' பலகைக்குள் அடங்காமல் வால் சுவருக்கு ஓடியது. அதை 'ரவை' ஆக்கினேன். அதுவும் ஒரு கொரகொரப்புத்தானே.

கார்த்திகை 24

பலகை தயார். வாசலில் எட்டுப் பட்டன் வைத்த ஒரு மரப்பெட்டி. அமுக்கினால் உள்ளே, அவள் நிற்கும் இடத்துக்கு நேர் எதிரே, சொல் எரியும்.

ஒரு சின்னச் சிக்கல். மாட்டினால் ஏன் மாட்டினாய் என்று ஊர் கேட்கும். ஊர் கேட்டால் ஊரே பதிலும் சொல்லிக்கொள்ளும். அதற்கப்புறம் மயிலா அந்தப் பலகையைச் சல்லடையால் உடைப்பாளா, உலக்கையால் உடைப்பாளா என்பது மட்டும்தான் கேள்வி.

ராத்திரி முழுக்க யோசிப்பது மாதிரி படுத்துத் தூங்கிவிட்டேன்.

கார்த்திகை 25

இன்று காலை முதல் எனக்குத் தொண்டை போய்விட்டது. ஒரு சொல் வெளியே வரவில்லை. பேசினால் நிரந்தரமாகப் போய்விடும் என்று உலகப் புகழ்பெற்ற டாக்டர் ஒருவர் சொல்லியிருக்கிறார். எந்த டாக்டர், எப்போது பார்த்தாய் என்று கேட்கிறவர்களுக்கு என்னால் பதில் சொல்ல முடியாது. தொண்டை இல்லை.

சிலேட்டில் எழுதி மயிலாவிடம் நீட்டினேன். படித்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி படித்தாள்.

"ஐயோ, உங்களுக்கா?" என்றாள். ஆற்றில் தண்ணீர் வற்றிவிட்டது என்று சொன்னால்கூட இவ்வளவு அதிர்ந்திருக்கமாட்டாள்.

இனிமேல் வாசலில் நின்று உள்ளே கத்த முடியாது, ஆகவே தற்காலிகமாக அந்தப் பலகையை மாட்டிக்கொள்ளட்டுமா என்று எழுதினேன்.

"மாட்டுங்க, மாட்டுங்க. பாவம், வாய் இல்லாம நீங்க எப்படித்தான் இருப்பீங்களோ" என்று மிளகுப்பால் காய்ச்சப் போனாள்.

வாசலில் அட்டை தொங்கவிட்டேன்: 'ரேடியோ மாமாவுக்குத் தொண்டை சரியில்லை. வேண்டியதைப் பட்டனில் அமுக்கவும்.'

மார்கழி 2

பேசாமல் இருப்பது பற்றி ஒரு மகாகாவியம் எழுதலாம். டீக்கடையில் ஒருவன் மின்தடை பற்றித் தப்புத் தப்பாக விளக்குகிறான். நான் கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறேன். காதிலிருந்து புகை வந்தது. பக்கத்தில் இருந்தவர் பீடி பற்றவைத்துக்கொண்டார்.

மிளகுப்பால் தினம் மூன்று வேளை.

மார்கழி 6

ஊருக்குப் பலகை பிடித்துவிட்டது. 'மிளகாய்' என்று எரிந்ததும் வரிசையில் கோதுமை வைத்திருப்பவர்கள் சத்தமில்லாமல் தங்கள் டப்பாவை அதற்கு முன்னால் நகர்த்திவிடுகிறார்கள். மிளகாய் அரைத்த கல்லில் அடுத்து விழும் கோதுமையில் சுட்ட சப்பாத்தியைத் தின்றவன் மறக்கமாட்டான்.

மயிலா இப்போது பாதி நேரம் பாடிக்கொண்டே வேலை செய்கிறாள். யாருடைய வாயையும் பார்ப்பதில்லை, பலகையைப் பார்த்தால் போதும். என் முகத்துக்குப் பழைய மவுசு குறைந்துவிட்டது. பரவாயில்லை.

ஈஸ்வரமூர்த்தி வந்து பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மில்லுக்குள் அக்காவைப் பார்த்தான்.

"மாமா, தொண்டை நெசமாலுமே போயிருச்சுங்களா?"

தலையை ஆட்டினேன்.

"சோத்தையாவது முழுங்க முடியுதுங்களா?"

அதில் குறையில்லை என்று சைகை காட்டினேன். அவன் போகும்போது பேக்கரிக்காரருக்குத் தை ஒன்றாம் தேதி பதில் சொல்வதாக ஒத்துக்கொண்டிருப்பதாய்ச் சொல்லிவிட்டுப் போனான்.

மார்கழி 13

இதை எழுதுவதற்குள் மூன்று தாளைக் கிழித்துப் போட்டேன். பேனா சரியில்லை.

ஞாயிற்றுக்கிழமை, பொங்கல் கூட்டம். வரிசை தெரு வரைக்கும். மயிலா பச்சரிசியைக் கொட்டிவிட்டு, கொட்டுவாய் ஓரத்தில் ஒட்டியதைத் தள்ளுவதற்குக் குனிந்தாள். முந்தானையின் நுனி நழுவி, பெல்ட் ஓடும் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டு விரற்கடை தூரம். நான் வாசலில் நின்றேன். மரப்பெட்டி என் இடுப்புக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அது நினைவுக்கு வரவில்லை.

"மயிலாஆஆ!"

இத்தனை நாள் மௌனமும் மொத்தமாகச் சேர்ந்து வெளியே வந்தது. வரிசையில் நின்றவர்களின் கையிலிருந்து இரண்டு டப்பா கீழே விழுந்தது. ரோட்டில் போன டவுன் பஸ் நின்றது. நிஜமாகவே நின்றது.

ஊரே திரும்பியது. அவள் மட்டும் திரும்பவில்லை.

அப்புறம்தான் பெட்டியில் கை விழுந்தது. 'நிறுத்து'. பலகை எரிந்ததும் அவள் கை தானாகவே மெயினுக்குப் போனது. பெல்ட் ஓய்ந்தது. முந்தானையைப் பார்த்தாள், எடுத்துச் செருகிக்கொண்டாள், நெற்றியைத் துடைத்தாள். வாசலைப் பார்த்து, "யாருங்க அமுக்குனது? நல்லா இருப்பீங்க!" என்றாள்.

வாசலில் இருபது முப்பது பேர். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பேச வராதவன் பேசியதைக் கேட்டவர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

பூங்கொடிதான் முதலில் வாய் திறந்தாள். "மாமா அமுக்கினாருக்கா!" என்று உள்ளே பார்த்துக் கையைக் காட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லிய குரலில், "மாமாவுக்குப் பாவம், தொண்டையே இல்லை" என்றாள்.

வரிசை நகர்ந்தது. விழுந்த டப்பாக்களை எடுத்துக்கொண்டு அவரவர் பட்டனை அமுக்கினார்கள்.

மார்கழி 14

மிளகுப்பால். குடித்தேன்.

மார்கழி 20

இன்று மத்தியானம் மயிலா மில்லை அரைநாள் அடைத்துவிட்டாள். பொங்கல் நெருக்கத்தில்!

"பொறப்படுங்க."

எங்கே என்று சைகை.

"திருப்பூர்ல தொண்டைக்கு ஒரு டாக்டரம்மா இருக்காங்களாம். மாசம் ஆகப் போகுது, மிளகுப்பாலுக்கும் கேக்கலை. உங்க உலகப் புகழ்பெற்ற டாக்டரை எனக்குத் தெரியாது. நான் கூட்டிட்டுப் போறவங்ககிட்ட வாயைத் தொறந்து காட்டுங்க."

வரமாட்டேன் என்று சிலேட்டில் எழுதினேன். எழுதியதைப் புறங்கையால் அழித்துவிட்டுச் செருப்பை எடுத்து என் முன்னால் போட்டாள்.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எனக்குத் தொண்டைப் புற்றோ என்கிற பயத்தை மூட்டை மாதிரி மனதில் சுமந்துகொண்டிருக்கிறாள் என்று அப்போதுதான் புரிந்தது. பலகை, பட்டன், மௌனம் எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்ட இந்த மகாமேதை, தனக்காகவும் ஒருத்தி ராத்திரியில் விழித்திருப்பாள் என்பதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

டாக்டரம்மா என் தொண்டைக்குள் மெல்லிய கேமரா குழாயை விட்டார். அங்கே இருக்கப் போவது ஆரோக்கியமான ஒரு பொய்யனின் தொண்டை. மாட்டிக்கொண்டோம் என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ம்ம். குரல் நாண்ல ரெண்டு பக்கமும் சின்னதா காய்ச்சிருக்குது. வேலை செஞ்சு செஞ்சு கையில காய்ப்பு வருமில்லீங்க, அந்த மாதிரி. பயப்படற மாதிரி எதுவும் இல்லை. ஆனா இது ஒரு மாசத்துல வந்ததில்லை. வருசக்கணக்குல கத்திப் பேசறவங்களுக்கு வரும். வாத்தியாருங்களா நீங்க?"

கண்ணைத் திறந்தேன். திரையில் என் தொண்டை. அதில் நிஜமாகவே இரண்டு புள்ளி.

"என்னங்க சொல்றாங்க?" என்றாள் மயிலா என்னைப் பார்த்து. என்னால் எப்படிச் சொல்ல முடியும்? டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பி நிறுத்தி நிறுத்திச் சொன்னார். "உங்க வீட்டுக்காரர் ரொம்ப நாளா ரொம்பச் சத்தமாப் பேசியிருக்காருங்க. அதனால வந்தது. யாருகிட்ட இவ்வளவு கத்தறாரு?"

மயிலா திரையில் இருந்த அந்த இரண்டு புள்ளியையும் மாவைப் பதம் பார்க்கிற மாதிரி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு என்னிடம் சொன்னாள். "பூங்கொடி நேத்துதான் சொல்லிப்போட்டா. அவளுக்கு எத்தனை நாளைக்கு அடங்கும்? அன்னைக்கு நீங்க கத்துனதுல பஸ்ஸே நின்னுச்சாம். இருக்கற தொண்டையும் அதுல போயிருச்சோன்னுதான் உங்களை இழுத்துட்டு வந்தேன். பஸ்ஸுக்குக் கேட்டது எனக்குக் கேக்கலை."

"மயிலா" என்றேன். அவளிடம், ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து. கரகரவென்று வந்தது.

"நீங்க பேசாதீங்க" என்றாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, நான் எழுந்த நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தாள்.

"டாக்டரம்மா, இவரைப் பார்த்தாச்சல்ல. என்ற காதையும் பார்த்துருங்க."

தை 1

மில் ஓடுகிறது. மயிலா காதில் பச்சை நிறத்தில் இரண்டு பெரிய காதுமூடி, மிச்சம் இருக்கிற காதை மில் சத்தம் தின்றுவிடாமல் இருக்க. போட்டுக்கொண்டால் விமானம் ஓட்டுகிறவள் மாதிரி இருக்கிறாள். அதைப் போட்டபின் யார் கத்தினாலும் கேட்காது, ஆகவே பலகை நிரந்தரமாகிவிட்டது. "எனக்குக் காது கேக்காது, பட்டனை அமுக்குங்க" என்று அவளே வாசலில் சொல்கிறாள். என் அட்டையைக் கழற்றிவிட்டாள்.

ஈஸ்வரமூர்த்தி காலையில் கரும்போடு வந்தான். பெல்ட்டுக்குக் கம்பிவலைக் கூண்டு ஒன்று அடித்துக்கொண்டு வந்து, யாரும் கேட்காமலே மாட்டினான். "பேக்கரிக்காரருக்கு வேற எடம் பார்த்துக் குடுத்துட்டேன் மாமா" என்றான், ஆணியைப் பார்த்துக்கொண்டே.

வீட்டில் அவளுக்குக் காதுக்கருவி. இதில்தான் நான் மோசம் போனேன். குழம்பில் உப்பு அதிகம் என்று வாய்க்குள் முனகுவது இந்த இரண்டு வருடத்தில் என் தனிப்பெரும் சுதந்திரமாக இருந்தது. நேற்று முனகினேன். "கேட்டுச்சுங்க" என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. எனக்கோ டாக்டரம்மா உத்தரவுப்படி இன்னும் இரண்டு மாதம் மெதுவாகத்தான் பேச வேண்டும். மறுபடி மிளகுப்பால்.

மருமக்களே, மேலே உள்ளதை எல்லாம் நீங்கள் நம்பவில்லை என்று தெரியும், நம்பவும் வேண்டாம். விமான நிலையம் பொய், உலகப் புகழ் டாக்டர் பொய், என் அழகு முற்றியதாகச் சொன்னதும் கொஞ்சம் பொய்தான். மொத்தக் கதையிலும் உண்மை ஒரு கடுகு அளவுதான். திரையில் நானே என் கண்ணால் பார்த்தேன். இரண்டு புள்ளி. தொண்டை நிஜமாகவே போய்க்கொண்டிருந்தது.